பாறையில் போட்ட நான்கு எண்கள்

செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது ஞானப்பிரகாசத்தின் மகள் ஜெனிஃபரிடமிருந்து அழைப்பு வந்தது. "அங்கிள், அப்பா எறந்துட்டாரு" என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. வாயில் நுரையோடு நின்றிருந்த என்னாலும் முடியவில்லை. பத்து நிமிடத்தில் செய்தி கம்பெனிப் பழைய ஆட்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. அதன்பிறகு என் போனுக்கு ஓய்வில்லை. கூப்பிட்ட ஒவ்வொருவரும் முதலில் "ஐயோ" என்றார்கள். அடுத்து, "எந்தப் பாறையிலேருந்து?" என்றார்கள்.

எல்லோருக்கும் சேர்த்து இங்கே சொல்லிவிடுகிறேன். அவர் எந்தப் பாறையிலிருந்தும் விழவில்லை. அறுபத்தெட்டு வயதில், படப்பையில் தன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பாதிக் காபியைக் குடித்துவிட்டு, மீதியைக் கையில் வைத்தபடியே போய்விட்டார். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். இதைச் சொன்னதும் சிலர் குரலில் ஏமாற்றமே தெரிந்தது. எனக்கு வந்த கோபத்தில் இரண்டு பேரிடம் போனை வைத்துவிட்டேன். அவர்கள் என்னை மன்னிக்கட்டும்.

அவரைத் தெரியாத இளையவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு வார்த்தை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் ஞானம் தரக்கட்டுப்பாட்டு இன்ஸ்பெக்டர். வெளியிலிருந்து வரும் சரக்கைத் தட்டிப் பார்த்து, அளந்து பார்த்து, பச்சை அட்டையோ சிவப்பு அட்டையோ கட்டுவது அவர் வேலை. நான் அதே கம்பெனியில் வரைபடப் பிரிவு. என்னைவிட அவர் இரண்டு வயது பெரியவர், இரண்டு அங்குலம் குட்டை. இன்று கம்பெனி பஸ்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கிற ஒரகடம் கூட்டு ரோட்டில் அன்றைக்கு இரண்டு டீக்கடைகளும் ஒரு பஞ்சர் கடையும்தான். எங்கள் கம்பெனிக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஊரே வேலைக்குப் போயிருக்கும்போது எங்களுக்கு மட்டும் லீவு. சினிமாவுக்குக் கூட்டு சேர ஆள் கிடையாது. ஒரு மனிதன் கெட்டுப்போக இது போதும்.

1991 தொடக்கத்தில் கம்பெனி அவரை ஒரு மாதப் பயிற்சிக்குப் பெங்களூருக்கு அனுப்பியது. அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை, சில கல்லூரிப் பிள்ளைகள் கயிறு கட்டிக்கொண்டு பாறை ஏறுவதைப் பார்த்திருக்கிறார். பயிற்சியில் என்ன கற்றார் என்று கம்பெனிக்குக் கடைசி வரை தெரியவில்லை. திரும்பி வந்த மறுநாள் கேன்டீனில் தட்டை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ரங்கா, நம்மூர்ல கல்லுக்கு இன்னா பஞ்சம்? லாரி லாரியா போவுது. நாம ஏறுறதுக்கு ஒண்ணு கெடைக்காதா?"

"நாம" என்ற சொல்லை நான் அப்போதே கவனித்து எதிர்த்திருக்க வேண்டும். எனக்கு ஸ்டூல் மேல் ஏறி நின்று டியூப்லைட் மாட்டினாலே உள்ளங்கால் கூசும். ஆனால் சாம்பார் சாதத்தில் கவனமாக இருந்துவிட்டேன்.

பாறையைத் தேடுவதற்கு அவர் முதலில் பிடித்தது ஜல்லி லாரி டிரைவர்களை. கூட்டு ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்து, வருகிற லாரிக்காரரையெல்லாம் "எந்தக் கல்லு இது? எங்கேருந்து வருது?" என்று கேட்பார். அவர்களும் வழி சொல்வார்கள். வெள்ளிக்கிழமை என் மொபெட்டில் தேடிக்கொண்டு போவோம். போய்ப் பார்த்தால் பாறை இருந்த இடத்தில் பள்ளம் இருக்கும். இப்படி மூன்று பள்ளம் பார்த்தபிறகுதான் அவருக்கு விளங்கியது. லாரிக்காரருக்குத் தெரிந்த பாறை எல்லாம் ஏற்கெனவே லாரியில் ஏறிவிட்ட பாறை. "தப்பான சப்ளையரை புடிச்சிட்டோம் ரங்கா" என்றார்.

அடுத்து ஆடு மேய்ப்பவர்களைப் பிடித்தார். இதில்தான் அவர் மூளை வேலை செய்தது. ஆட்டுக்காரருக்கு இருபது மைல் சுற்றளவில் எந்தப் பாறை எங்கே, எவ்வளவு வழுக்கும், எது ஆட்டை மாட்டிவிடும் என்பதெல்லாம் அத்துப்படி. "ஆடு ஏறுமா?" என்று கேட்டால் போதும், தெளிவாகப் பதில் வரும். அதிலிருந்து ஞானம் ஒரு தர வரிசையே உண்டாக்கினார். முதல் தரம், ஆடு ஏறும். இரண்டாம் தரம், ஆடு யோசிக்கும். மூன்றாம் தரம், ஆடு ஏறாது. இதைத் தன் நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். உலகத்தில் வேறு எங்கோ பாறைக்குத் தரம் பிரிக்க எண்களும் எழுத்துகளும் வைத்திருக்கிறார்களாம். பின்னாளில் ஜெனிஃபர் கம்ப்யூட்டரில் காட்டியபோது ஞானம் படித்துப் பார்த்துவிட்டு, "இதுல ஆடு எங்க?" என்று கேட்டார்.

பாறையைக் கண்டுபிடித்ததும் ஏறிவிட மாட்டார். அது சரக்கு வரவு. முதலில் சோதனை. கம்பெனியில் செய்வது போலவே சின்னச் சுத்தியலால் அடிக்கு ஓர் இடம் தட்டி, காதை வைத்துக் கேட்பார். கணீரென்றால் சரி, பொத்தென்றால் உள்ளே வெடிப்பு. "கல்லு பொய் சொல்லாது ரங்கா, சப்ளையர்தான் சொல்லுவான்" என்பார். உச்சியில் சாமி இருந்தாலோ, எங்காவது ஒரு குங்குமப் பொட்டு தெரிந்தாலோகூட அந்தப் பாறை வேண்டாம். "அது டெலிவரி ஆன சரக்கு, நமக்கு சம்பந்தம் இல்ல" என்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார். கிறிஸ்தவரான அவர் என்னைவிட நன்றாகவே கும்பிடுவார். ஒரு பாறையில் தேன்கூடு. அதைத் தட்டிச் சோதித்ததன் விளைவாக அவர் முகம் ஒரு வாரம் பலாப்பழம் போல் இருந்தது. அந்தப் பாறைக்கு நோட்டில் "நிராகரிக்கப்பட்டது. காரணம்: ஏற்கெனவே குடியிருப்பு" என்று எழுதினார்.

போலீஸ் பிடித்த கதையைச் சொல்லாமல் விட்டால் அவர் ஆவி என்னைச் சும்மா விடாது. அந்த வருடம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் குண்டு வெடித்ததற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் புதுமுகம் யாரைப் பார்த்தாலும் போலீஸ் நிறுத்திக் கேட்கும். கேட்டதில் தப்பும் இல்லை. எங்களிடம் இருந்ததோ நீளக் கயிறு, சுத்தியல், ஒரு டார்ச், அதற்கு மேல் நான் ஆசை ஆசையாக வரைந்த வரைபடம். எல்லாப் பாறைக்கும் சிவப்புப் பேனாவில் பெருக்கல் குறி போட்டிருந்தேன். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அதை விரித்து வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

"இந்த எடத்துல எல்லாம் இன்னா கீது?"

"பாறை சார்" என்றார் ஞானம்.

"பாறையில?"

"ஏறுவோம் சார்."

"ஏறி?"

"எறங்கிடுவோம் சார்."

இன்ஸ்பெக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அதுக்கு அப்புறம்?"

"டீ குடிப்போம் சார்."

கடைசியில் கம்பெனிக்குப் போன் போட்டார்கள். எங்கள் மேனேஜர், "ஞானப்பிரகாசமா? ஆமா சார், அவன் அப்படித்தான்" என்று ஒரே வரியில் எங்களைக் காப்பாற்றினார். வெளியே வந்ததும் ஞானம் எதிர்க் கடையில் இரண்டு டீ சொன்னார். "சொன்ன வார்த்தை காப்பாத்தணும் இல்ல?" என்றார்.

இப்போது அந்தப் பாறைக்கு வருகிறேன். ஒரகடத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூர். பெயர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் இப்போதும் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்கள். ஊருக்குப் பின்னால், வற்றிய ஏரியைப் பார்த்தபடி மூன்று மாடி உயரத்துக்கு ஒரே கல். பள்ளமும் இல்லை, சாமியும் இல்லை, தேனீயும் இல்லை. உச்சியில் கயிறு கட்ட வசதியாக ஒரு உசிலை மரம். பின்பக்கமாக நடந்தே மேலே போய்விடலாம். ஞானம் சுத்தியலால் தட்டத் தட்டக் கோயில் மணி போல் கேட்டது. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐந்து மாதம் அலைந்த அலைச்சல். ஏறுவதற்கு நான்கு வழிகளைத் தேர்ந்தெடுத்தார். முதல் இரண்டும் ஆடு யோசிக்கிற வகை. மூன்றும் நான்கும் ஆடு ஏறாதவை. நான்காவது வழியில் நடுவே தொப்பை போல ஒரு புடைப்பு, பிடிக்க ஒரு விளிம்புகூட இல்லை. "இத இந்த ஜென்மத்துல ஏற முடியாது. ஆனா நம்பர் இருக்கட்டும்" என்றார்.

எந்தச் சரக்கானாலும் எண் போடாமல் அவருக்குத் தூக்கம் வராது. அடுத்த வெள்ளிக்கிழமை அவருக்கு ஓவர்டைம் வந்துவிட்டது. "நீ போய் நம்பர் போட்டுட்டு வந்துடு ரங்கா. உன் கைதான் நேரா போவும்" என்று என்னை அனுப்பினார். நானும் கம்பெனியில் மீந்த மஞ்சள் பெயிண்டும் தகட்டில் வெட்டிய எழுத்து அச்சும் எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். நான்கு வழிகளுக்கும் அடியில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொன்றுக்கும் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. தள்ளி நின்று பார்த்தபோது அரசாங்கமே போட்டது போல அத்தனை சுத்தமாக இருந்தது. பெருமையோடு வீடு திரும்பினேன்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, முதன்முதலாக ஏறப் போகிறோம் என்று இருவரும் கயிறோடு போனோம். ஊர் முனை டீக்கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டே யாரிடமோ புலம்பிக்கொண்டிருந்தார்.

"அவ்ளோதான், ஊரு போச்சு. பாறையில நம்பர் போட்டுட்டுப் போயிட்டானுங்க. மஞ்ச நம்பர். கம்பெனிக்கு எடுக்கப் போறாங்களாம். பாறையில ஆரம்பிச்சு ஏரி வரைக்கும்."

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அதற்கு முன் நிலம் எடுத்தபோதும் முதலில் கல்லில் எண்தான் போட்டார்களாம். அதனால் ஊர் நடுங்கிப்போயிருந்தது. நடுங்கின ஊரின் வாசனை புரோக்கருக்கு உடனே எட்டிவிடும். படப்பையிலிருந்து ஒருவர் வந்து இறங்கி, "கவர்மெண்ட் குடுக்கிற காசு எப்ப வரும், எவ்ளோ வரும், யாருக்குத் தெரியும்? எனக்குக் குடுத்தா இப்பவே கையில" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பாறையை ஒட்டி கன்னியம்மா என்ற பெண்ணுக்கு இரண்டு ஏக்கர் கடலைக்கொல்லை. புருஷன் செத்து இரண்டு வருடம். அந்தக் கொல்லையும் பத்து ஆடுகளும் தவிர அவளுக்கு வேறு எதுவும் கிடையாது. அவள்தான் முதலில் தலையாட்டியிருந்தாள். திங்கட்கிழமை பத்திரம்.

நான் ஞானத்தின் சட்டையைப் பிடித்துக் கடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். "வா, ஓடிடலாம். இருட்டினதுக்கு அப்புறம் தின்னர் எடுத்துக்கினு வந்து நானே அழிச்சிட்றேன். யாருக்கும் தெரியாது."

"தின்னர் போட்டா நம்பர் போவும்" என்றார் ஞானம். "பயம் போவாது. அந்தம்மா திங்கக்கெழம கையெழுத்து போட்டுடும்."

"நம்மள கட்டிவச்சு அடிப்பாங்க ஞானம்!"

"தப்பான சரக்கு நம்ம கம்பெனி கேட்டை தாண்டி வெளிய போயிடுச்சு. போனா போவட்டும்னு வுடுவியா? பின்னாலயே போயி திருப்பி எடுத்துக்கினு வரணும்." அவ்வளவுதான். டீக்குக் காசை வைத்துவிட்டு ஊருக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டார். அவர் பின்னால் நான் போனது வீரத்தால் இல்லை. அன்று வண்டியை ஓட்டி வந்தவர் அவர், மொபெட் சாவி அவரிடம் இருந்தது.

ரேஷன் கடை எதிரே மாசிலாமணி உட்கார்ந்திருந்தார். முன்பு பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர். பதவி போனாலும் குரல் போகவில்லை. சுற்றிலும் ஊர்க்காரர்கள், நடுவில் அந்தப் புரோக்கர், ஓரமாகக் கன்னியம்மா. ஞானம் நேராகப் போய்க் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "ஐயா, பாறையில கீற நம்பர் கவர்மெண்ட் போட்டது இல்ல. நான்தான் போட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். "இல்லை, நான்தான் போட்டேன்" என்ற சொற்கள் வரிசையாக நாக்கு நுனி வரை வந்து நின்றன. ஆனால் மாசிலாமணியின் கையில் இருந்த தடியைப் பார்த்ததும் அவை வந்த வழியே திரும்பிப் போய்விட்டன. வாயை மூடிக்கொண்டேன்.

"நீ யாருய்யா? எதுக்குப் போட்ட?"

"பாறை ஏறுறதுக்குங்க. எந்த வழியா ஏறுறதுன்னு ஒரு அடையாளம்."

"மேல இன்னா கீது?"

"ஒண்ணும் இல்லீங்க."

"பின்னாடி வழி கீதே. ஆடு மாடெல்லாம் போவுதே. அந்தப் பக்கமா போயேன்."

"கஷ்டமான வழியா போறதுதாங்க இதுல..." என்று ஞானம் தொடங்கி, முடிக்கத் தெரியாமல் நின்றுவிட்டார். கூட்டத்தில் ஒரு பெண், "பாவம், நல்லாத்தான் கீறாரு பாக்க" என்று சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. புரோக்கர் சும்மா இருப்பாரா? "இவனுங்க வேற புரோக்கர் அனுப்பின ஆளுங்க. உங்கள நம்ப வச்சு அப்புறமா அடிமாட்டு வெலைக்குக் கேப்பானுங்க" என்றார். கூட்டம் முறைக்க ஆரம்பித்தது. லீவு நாளில், சொந்தக் காசில் பெட்ரோல் போட்டு, ஒன்றுமில்லாத இடத்துக்குக் கஷ்டமான வழியாகப் போவதற்கு இரண்டு குடும்பஸ்தர்கள் வந்தார்கள் என்பதை நம்புவதைவிட, நாங்கள் திருடர்கள் என்று நம்புவது யாருக்குமே சுலபம்.

மாசிலாமணி எழுந்தார். "ஏறுறதுக்குத்தான் நம்பர்னா, ஏறிக் காட்டு. ஊரு பாக்கட்டும். நாலு நம்பர் போட்ட இல்ல? நாலும்."

"நாலாவது கொஞ்சம்..." என்றார் ஞானம்.

"நாலும் ஏறுனா நம்புறோம். இல்லன்னா திங்கக்கெழம பத்திரம்."

ஊரே பாறைக்குக் கிளம்பியது. ஞானம் பின்பக்கமாக மேலே போய் உசிலை மரத்தில் இரும்பு வளையத்தைக் கட்டி, அதில் கயிற்றை மாட்டிக் கீழே விட்டார். ஒரு முனை அவர் இடுப்பில். மறுமுனை என் இடுப்பைச் சுற்றி. அவர் விழுந்தால் நான் இழுத்து நிறுத்த வேண்டும். முதல் எண்ணில் ஏறினார், கூட்டம் கைகட்டிப் பார்த்தது. இரண்டாவதில் ஏறினார், கைகள் அவிழ்ந்தன. மூன்றாவதில் பாதி வழியில் அவர் ஒற்றை விரலில் தொங்கியபோது மாசிலாமணியே "யப்பா!" என்றார். ஒவ்வொன்றையும் ஏறி முடித்ததும் ஞானம் மேலிருந்து "ஓகே!" என்று கத்துவார். சரக்கு பாஸாகிவிட்டது என்று பொருள். மூன்றாவது ஓகேக்கு ஊரும் சேர்ந்து கத்தியது.

நான்காவதில் புடைப்பு வரை போனார், வழுக்கினார். கயிறு என்னை இரண்டு அடி இழுத்துப்போய்ப் பாறையில் மோதவைத்தது. இரண்டாம் முறை, மறுபடியும் வழுக்கல். மூன்றாம் முறையும். முழங்கை தோலுரிந்து ரத்தம். "போதும்பா, பாத்தாச்சு, ஏற முடியல இல்ல? வாங்க போலாம்" என்று புரோக்கர் திரும்பினார். கன்னியம்மா மட்டும் அசையவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கொல்லை அந்தப் புடைப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. ஏறவே முடியாது என்று அவரே சொன்ன இடத்துக்கு எண் போட்டுத் தொலைத்தவன் நான்.

ஞானம் கீழே உட்கார்ந்து கேன்வாஸ் ஷூவைக் கழற்றினார். வெறுங்காலை மண்ணில் தேய்த்தார். "பிடி ரங்கா" என்றார். நான்காம் முறை ஏறினார். இப்போது ஊர் சும்மா இல்லை. "இடது கால தூக்கு!" "அங்க இல்லய்யா, அதுக்கு மேல, ஒரு பள்ளம் கீது பாரு!" "கைய வுட்றாத!" என்று ஆளாளுக்கு வழி சொன்னார்கள். ஜென்மத்தில் அந்தப் பாறையை இந்தப் பக்கமாக யாரும் தொட்டதில்லை. ஆனாலும் அத்தனை பேருக்கும் வழி தெரிந்திருந்தது. "பல்லி மாரி ஒட்டுய்யா!" என்று மாசிலாமணி தடியை ஆட்டினார். ஞானம் வயிற்றைப் புடைப்பில் ஒட்டி, வலது காலைக் காது வரைக்கும் தூக்கி வைத்தார். அப்போது பேன்ட் பின்பக்கம் மேலிருந்து கீழ் வரை டர்ரென்று கிழிந்தது. ஊர் மொத்தமும் பார்த்தது. அவர் கவலைப்படவில்லை. அந்தக் காலில் எழுந்து நின்றார். கை விளிம்பைப் பிடித்தது. அடுத்த நிமிடம் உச்சியில் இருந்தார்.

"நாலு, ஓகே!" என்று கத்தினார். கோடு போட்ட உள்டிராயரோடு.

அந்தக் கூச்சலை நான் அதற்குப்பின் எந்தக் கிரிக்கெட் மைதானத்திலும் கேட்டதில்லை. மாசிலாமணி என்னைக் கட்டிக்கொண்டார். கன்னியம்மா புரோக்கரிடம் போய், "திங்கக்கெழம நான் வரல. போ" என்றாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுற்றி நின்ற பெண்களைப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார். பிறகு நாங்கள் இருட்டும் வரை உட்கார்ந்து எண்களை அழித்தோம். கன்னியம்மா வேகவைத்த கடலை கொண்டுவந்து கொடுத்தாள். ஞானத்துக்கு இடுப்பில் கட்ட ஒரு பழைய வேட்டியும் வந்தது.

திரும்பும் வழியில் கேட்டேன். "நீதான் போட்டதா ஏன் சொன்ன?"

"போடச் சொன்னது யாரு? டிராயிங்ல தப்புன்னா அப்ரூவ் பண்ணவன் கையெழுத்ததான் கேப்பாங்க. பேசாம வண்டிய ஓட்டு" என்றார்.

நான் பேசாமல்தான் ஓட்டினேன். அதன்பிறகும் முப்பது வருடத்துக்கு மேல் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. யாருடைய ரிட்டயர்மெண்ட் விருந்தானாலும் ஞானம் இந்தக் கதையைச் சொல்வார். "நான் போயி பெயிண்ட் அடிச்சேன் பாரு" என்று தொடங்குவார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். உங்களில் பலர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்திருக்கிறீர்கள். நான் குனிந்து வடையைத் தின்றுகொண்டிருப்பேன்.

பல வருடம் கழித்து, நிலம் எடுக்கும் அரசுத் திட்டம் ஒன்றுக்காக உண்மையான சர்வே ஆட்கள் அந்த ஊருக்கு வந்து பாறையில் எண் போட்டார்கள். ஊர்க்காரர்கள் அவர்களைச் சூழ்ந்துகொண்டு, "நம்பர் போட்டா ஏறணும், எங்க ஊரு வழக்கம்" என்று விடவே இல்லையாம். ஒரு சர்வேயர் பாதி ஏறி மாட்டிக்கொண்டு, அவரை இறக்க ஆள் தேவைப்பட்டது. ஞானத்துக்குத்தான் சொல்லியனுப்பினார்கள். அவரும் அரை நாள் லீவு போட்டுப் போய் இறக்கிவிட்டு வந்தார். கன்னியம்மாவின் கொல்லையில் பாதி அந்தத் திட்டத்தில் போனது. ஆனால் காகிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, நாலு பேரை விசாரித்து, அவசரமில்லாமல் கொடுத்தாள். மீதிப் பாதியில் வீடு கட்டினாள். இன்று அதன் மாடியில் கம்பெனிப் பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள்.

புதன்கிழமை அடக்கத்துக்கு அந்த ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். கல்லறையில் மண் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, ஜெனிஃபரிடம் யாரோ பாறைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "உங்கப்பா பெயிண்ட் டப்பாவோட தனியா வந்து..." என்று. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கன்னியம்மா வேன் பக்கம் நின்றிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. அவளிடம் போனேன்.

"கன்னியம்மா, அந்த நம்பரு ஞானம் போட்டது இல்லம்மா. நான்தான் போட்டேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அது தெரியுமே" என்றாள்.

"தெரியுமா?"

"நீ பெயிண்ட் அடிக்கிறப்போ நான் கொல்லையிலதான் ஆடு மேச்சிக்கினு இருந்தேன். கண்ணாடி போட்ட ஆளு. யாரோ கவுருமெண்டு ஆபீசருன்னு நெனச்சி நடுங்கிப்போயிட்டேன். அப்பாலிக்கு ரேஷன் கடையாண்ட அவரு 'நான்தான்'ன்னு சொல்ல, பின்னால நீ நிக்கிற. உன் காலு ரெண்டும் கடகடன்னு ஆடிக்கினு கீது. கவுருமெண்டு ஆளு எவனாவது அப்படி நடுங்குவானா? அப்பவே நம்பிட்டேன், பத்திரம் வாணாம்னு."

"அப்புறம் ஏம்மா அவர நாலு தடவ ஏற வுட்டே? கை எல்லாம் ரத்தமா போச்சே!"

"ஊரு நம்ப வாணாமா? நான் ஒருத்தி நம்பி இன்னா ஆவும்?" என்றாள். பிறகு கல்லறைப் பக்கம் பார்த்தாள். உதடு துடித்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "அதுவும் இல்லாம, பாக்க நல்லா இருந்துச்சிய்யா. என் நெலத்துக்காவ ஒரு மனுசன் அவ்ளோ ஒசரம் ஏறி நான் பாத்ததே இல்ல."

நண்பர்களே, ஞானத்தின் கயிறு இப்போது அவர் வீட்டு மாடியில் துணி காய்கிற கொடி. சுத்தியலையும் நோட்டையும் ஜெனிஃபர் வைத்துக்கொண்டாள். எனக்கென்று அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது, தப்பு நடந்த இடத்துக்குத் தானே நடந்து போய் நிற்கிற அந்தப் பழக்கம். அவருக்கு அது ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வந்தது. எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது, இன்னும் கால் நடுங்குகிறது. ஆனாலும் அவரைத் தெரிந்த உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாறையில் எண் போட்டவன் நான்.